விளக்குப் பொருத்தம்

மேற்கே மலை, கிழக்கே வாழைத்தோப்பு, நடுவில் ஒரே ஒரு வாடகைக் கார் என்று கரட்டூர் இருந்த காலத்தில், அந்தக் காரின் ஹேண்ட் பிரேக் விளக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எரிய ஆரம்பித்தது. குடலிறக்க ஆபரேஷனுக்கு ராஜாமணி வாத்தியாரை ஏற்றிக்கொண்டு தேனிக்குக் கிளம்பிய வனராணி, பிரேக்கைத்தான் இறக்கியாச்சே, அப்புறம் என்ன சிவப்பு என்று விளக்கின் கண்ணாடியை ஒரு தட்டு தட்டினாள். அது அணையவில்லை. லீவரை மேலே இழுத்து மறுபடி இறக்கினாள். அப்போதும் அணையவில்லை. வழி நெடுக வாத்தியார் தன் பேரன் வாங்கிய மார்க்கைப் பற்றியே பேசிக்கொண்டு வர, வழி நெடுக அது எரிந்துகொண்டே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் அவர் இறங்கிக் கதவைச் சாத்திய நொடியில் தானாக அணைந்தது.

வனராணி பிளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். ஏன் நின்றாய் என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தாள், "பிடிக்கலை." வீட்டில் வசதியில்லை, உடம்புக்கு முடியவில்லை என்று ஊர் ஒப்புக்கொள்ளும்படி ஏதாவது சொல்லித் தொலையேன் என்று அவள் அத்தை வெள்ளத்தாயி கெஞ்சிப் பார்த்தாள். பிடிக்கலைன்னா பிடிக்கலைதான், இதுக்குப் போய் பொய் ஜோடிக்கணுமா என்றாள் இவள். பதினெட்டு முடிந்து லைசென்சு எடுத்த சமயத்தில், அதுவரை அந்தக் காரை ஓட்டிவந்த அப்பா மொக்கைச்சாமி மாடிப்படியில் சறுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தவள்தான், அதற்குப் பிறகு வீட்டில் அவள் இருந்த நேரம் எல்லாம் சோறு தின்ற நேரம்தான்.

காரை மெக்கானிக் சிக்கந்தரிடம் கொண்டுபோனாள். சிக்கந்தருக்கு எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் கோபம் வரும், அப்புறம்தான் ஸ்பேனர் வரும்.

"பாப்பா, இந்த ஒரு விளக்குக்கு ரெண்டே வேலை. ஹேண்ட் பிரேக் ஏறியிருந்தா எரியும். பிரேக் ஆயில் குறைஞ்சா எரியும். மூணாவதா ஒரு காரணத்தை ஆண்டவன் படைக்கலை," என்றார்.

ஆயில் டப்பாவைத் திறந்தார், விளிம்பு வரை இருந்தது. லீவருக்கு அடியில் இருந்த சுவிட்சைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து மாட்டினார். லீவர் முழுசாக இறங்கவில்லையோ என்று கேபிளை முறுக்கினார், அது போதாதென்று மறுநாளும் முறுக்கினார், வண்டி வரும்போதெல்லாம் ஒரு முறுக்கு முறுக்கியதில் அந்த மாவட்டத்திலேயே அதைப்போல் கெட்டியான ஹேண்ட் பிரேக் வேறு எந்த வண்டிக்கும் இல்லை என்று ஆனது. கடைசியில் ஆத்திரம் தாங்காமல் பல்பையே பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, ஓட்டிப் பாரு என்றார். பல்பு இருந்த ஓட்டை, பல்பு இல்லாமலே, மாதுளம்பழத்தைப் பிட்டு வைத்ததுபோல் சிவப்பாக எரிந்தது. சிக்கந்தர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓட்டையா இருந்தா அசிங்கமா இருக்கு," என்று சொல்லி பல்பைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

எதற்கு எரிகிறது என்று ஊருக்குத் தெரியவந்தது ஒரு ஆட்டால்தான். கருப்பசாமி கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்றையும், பூசாரியையும், நேர்த்திக்காரக் குடும்பத்தில் மூன்று ஆம்பிளைகளையும் ஏற்றிக்கொண்டு வனராணி கிளம்பியபோது விளக்கு எரிந்தது. அதற்குள் ஊரில் அரசல்புரசலாக ஒரு பேச்சு இருந்தது. அழுதுகொண்டு விடுதிக்குப் போன பிள்ளைக்கு எரிந்தது, லீவுக்கு வரும்போது எரியவில்லை. மாமியார் வீட்டு விசேஷத்துக்குச் சிரித்துக்கொண்டே போன செல்லத்துரைக்கு எரிந்தது. போக மனசில்லாத ஆள் உள்ளே இருந்தால் அது எரிகிறது என்று ஒரு கட்சி. இல்லை, வயரிங் என்று சிக்கந்தர் ஒரு கட்சி. ஆகையால் வண்டியை ஓடைப்பாலத்தில் நிறுத்தி, யாருக்குடா சாமிக்குச் செய்ய மனசில்லை என்று பூசாரி அதட்ட, ஒவ்வொருவராக இறங்கிப் பார்த்தார்கள். மூத்தவன் இறங்கினான், எரிந்தது. இளையவன் இறங்கினான், எரிந்தது. மூன்றாவது ஆளும் இறங்கினான். பூசாரியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். வனராணியும் இறங்கிக் கதவைச் சாத்தினாள். உள்ளே ஆடு மட்டும் உட்கார்ந்திருந்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

பூசாரி குனிந்து சன்னல் வழியே ஆட்டைப் பார்த்தார்.

"அதுவும் நியாயந்தான்," என்றார் பூசாரி கடைசியில்.

அன்றிலிருந்து கருப்பசாமிக்கு ஆடுகள் நடந்தே போயின.

ஊர் இதை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை; குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைத் தெரிந்துகொள்வதுபோலத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற மாதிரி தன் பிழைப்பை மாற்றி வைத்துக்கொண்டது. சாவு விழுந்த துஷ்டி வீட்டுக்குப் போகிறவர்கள் காரைக் கூப்பிடாமல் பஸ்ஸில் போனார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிற தாய்மார்கள் விளக்கின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்கள், துண்டும் சிவந்தது. ரிட்டயர் ஆகிற அன்றைக்கு ஆபீசுக்குப் போன வி.ஏ.ஓ.வுக்கு எரிந்தது, திரும்பி வீட்டுக்கு வரும்போது இரண்டு மடங்காக எரிந்தது. கட்சிக் கூட்டத்துக்குப் போகிற ஆட்கள் டிரைவர் சீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்து, எரியுதா என்று மெதுவாகக் கேட்டு, ஆமா என்று வனராணி சத்தமாகச் சொன்னதும் சன்னல் வழியே வெளியே பார்த்தார்கள். தெருவில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால், எங்க கிளம்பிட்டீக என்று கேட்பதை விட்டுவிட்டு, விளக்கு எரியுதா, எரியலையா என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

இதில் பெரிய ஆளானவன் கல்யாணத் தரகர் சுருளிவேல். பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊரில் பதினோராவதாக ஒரு பொருத்தத்தை அவன் கொண்டுவந்தான். பெண்ணைக் காரில் ஏற்றி மாப்பிள்ளை ஊர்வரை கூட்டிப்போவது, எரியாவிட்டால் பெண்ணுக்குச் சம்மதம். மாப்பிள்ளையை ஏற்றிப் பெண் ஊருக்குக் கூட்டிவருவது, எரியாவிட்டால் அவனுக்குச் சம்மதம். இதற்கு விளக்குப் பொருத்தம் என்று பேர். இதனால் நின்றுபோன கல்யாணங்களும் உண்டு, நிற்க வேண்டியது நின்றதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் இதனால் ஒரு கெடுதல் வந்தது. வாயால் சொல்வதை ஊரில் ஒருத்தரும் கணக்கில் சேர்ப்பதில்லை என்று ஆகிவிட்டது. எனக்குப் பசிக்கலை என்று ஒரு பிள்ளை சொன்னால்கூட, வா கார்ல ஏறு பார்ப்போம் என்றார்கள்.

அந்தக் கெடுதல் வனராணியின் தலையிலேயே வந்து விழுந்தது.

மேல்மலை ஏலக்காய்த் தோட்டத்தில் தங்கமாயன் என்றொரு மாப்பிள்ளை, பார்க்க லட்சணம், சொந்தத் தோட்டம், வாயில்லாப் பூச்சி என்று சுருளிவேல் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தான். பெண் கல்யாணத்துக்கு அப்புறம் கார் ஓட்டக்கூடாது, எங்கள் வீட்டு ஜீப்புக்கு டிரைவர் இருக்கிறான் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

"வேணாம்ப்பா," என்றாள் வனராணி.

"ஏன்?"

"பிடிக்கலை."

"நீ பள்ளிக்கூடத்துக்கும் இதைத்தான் சொன்ன."

"பள்ளிக்கூடமும் பிடிக்கலைதான."

சோறு போடும்போது ஒரு தரம், காரைக் கழுவும்போது ஒரு தரம் என்று அவள் மறுபடியும் மறுபடியும் சொன்னாள். மொக்கைச்சாமி முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டுவிட்டு, "வாய் ஆயிரம் சொல்லும் தாயி, விளக்கு சொல்லட்டும். அது வேணாம்னா எனக்கும் வேணாம்," என்று முடித்துவிட்டார்.

சரி, விளக்கே சொல்லட்டும் என்று வனராணியும் விட்டுவிட்டாள். அந்த விளக்கு ஒரு ஆட்டுக்காகப் பேசியது, எனக்காகப் பேசாதா என்று நினைத்தாள். மலைக்குப் போகிற அன்றைக்குக் காலையில் அதன் கண்ணாடியைத் தன் தாவணி முனையால் துடைத்துக்கூட விட்டாள்.

முன்சீட்டில் அப்பா, நடுவில் அத்தையும் சுருளிவேலும், பின்னால் சிக்கந்தர். மலையேறும் வண்டியை நம்ப முடியாது, நானும் வருகிறேன் என்று ஸ்பேனர் பையோடு ஏறியிருந்தார். மேல்மலையில் மதியச் சாப்பாடு பிரமாதமாக இருக்கும் என்று அவர் கேள்விப்பட்டிருந்ததும் ஒரு காரணம். அடிவாரம் தாண்டியது. முதல் வளைவு வந்தது. எரியவில்லை. காற்று குளிர்ந்து, யூக்கலிப்டஸ் வாசனை வந்து, இரண்டாவது கியரில் வண்டி உறுமிக்கொண்டு ஏற, வளைவுக்கு வளைவு ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்துத் திருப்பியபோது கீழே கரட்டூர் ஒரு தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்தது. எரியவில்லை. எரி, எரி என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மேல்மலையில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நிற்கும்வரைக்கும் அது செத்த மின்மினிபோலக் கிடந்தது.

"பாத்தியா மொக்கை. வாய் வேணாங்குது, விளக்கு சம்மதங்குது. பொம்பளப் பிள்ளைக மனசு இதான்," என்றாள் வெள்ளத்தாயி.

வனராணிக்குக் காரணம் அப்போதே தெரிந்துவிட்டது. அந்தச் சனியன் பிடித்த விளக்கு கேட்பதெல்லாம் போக மனசிருக்கா என்பதுதான், அங்கேயே இருக்க மனசிருக்கா என்று கேட்பதில்லை. மலையேறுவது என்றால் அவளுக்கு உயிர். இதை எடுத்துச் சொன்னாள். கோழிக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் யார் காதில் விழும்.

மாப்பிள்ளையின் அம்மா பரிமாறினாள், பேச்சு முடிந்தது. வழக்கப்படி மாப்பிள்ளை அன்றைக்கே பெண் வீட்டுக்கு வந்து கை நனைக்க வேண்டும். தங்கமாயனைக் காரில் நடுச் சீட்டில் உட்காரவைத்தார்கள். நாங்கள் பின்னாலேயே ஜீப்பில் வருகிறோம் என்றாள் அவன் அம்மா. வாயில்லாப் பூச்சி என்று சுருளிவேல் சொன்னது நிஜம்தான். அவன் மடியில் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு, வண்டி கிளம்புவதற்கு முன்பே வியர்த்துக்கொண்டிருந்தான்.

இறங்க ஆரம்பித்த இரண்டாவது வளைவில் விளக்கு எரிந்தது.

"எனக்குத்தான் எரியுது," என்றாள் வனராணி உடனே. "இப்பவாச்சும் பாருங்க."

"நீ ரோட்டைப் பாரு. ஏறும்போது எரியாதது இப்ப உனக்கு எதுக்கு எரியுது," என்றார் அப்பா. எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

தங்கமாயன் பையை இறுக்கிப் பிடித்தான். ஒன்றுமில்லை என்று தலையாட்டினான். அடுத்த வளைவு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அப்போது, மூடி வைத்த குக்கர் விசில் அடித்ததுபோல அவன் பேச ஆரம்பித்தான். எனக்கு மலையைவிட்டு இறங்கினாலே வாந்தி வரும், எனக்குக் கீழே ஒரு ஊரும் வேண்டாம், பொண்ணு நல்ல பொண்ணு, ஆனா எனக்குப் பொண்ணே வேண்டாம், காலையில் எழுந்து செடிக்குள்ள போனா சாயங்காலம் வரைக்கும் ஒரு ஆளும் என்கிட்டப் பேசக்கூடாது, அதுதான் எனக்கு வேணும் என்று மூச்சுவிடாமல் சொன்னான். பிறந்ததிலிருந்து அவன் அவ்வளவு பேசியதே அதுதான் முதல் தரமாக இருக்கும்.

அவன் சொல்லி முடித்தும் விளக்கு அணையவில்லை.

"இன்னும் யாருக்கோ இருக்கு," என்றான் சுருளிவேல். சொன்னவனையே எல்லோரும் பார்த்தார்கள். அவன் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினான். "சரி, வீட்டுக்குப் போய் ஜாதகத்தை எடுத்துப் பார்த்தா எப்படியும் தெரியத்தான் போகுது. மாப்பிள்ளை வயசைக் கொஞ்சம் கொறைச்சு எழுதிட்டேன். அதான் போய்ச் சேரவே பயமா இருக்கு."

"எம்புட்டுடா கொறைச்ச?" என்றாள் வெள்ளத்தாயி.

"விடுங்கத்தாச்சி, அவர்தான் பொண்ணே வேணாங்கிறாரே."

அணையவில்லை. வெள்ளத்தாயி தன் முறைக்கு, மருமகள் வைக்கிற ரசத்தை நினைத்தால் வீட்டுக்குப் போகவே காலெழவில்லை, மேல்மலைக் கோழிக் குழம்புக்காகத்தான் இந்தச் சம்பந்தத்துக்கே தலையாட்டினேன் என்றாள். அப்போதும் அணையவில்லை. "என்னைப் பார்க்காதீக," என்றார் சிக்கந்தர் பின்னாலிருந்து, "எனக்கு வீட்டுல பிரியாணி இருக்கு, நான் போயே ஆகணும்."

மீதி இருந்தது மொக்கைச்சாமி. அவர் கண்ணாடிக்கு வெளியே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"முழங்கால் போன பங்குனியிலேயே சரியாப் போச்சு," என்றார் தணிந்த குரலில். "நான் ஓட்டலாம். நீ ஓட்டி நான் பக்கத்துல உட்கார்ந்து போறது நல்லா இருந்துச்சு. அதான் சொல்லலை. உன்னைக் கட்டிக் குடுத்துட்டா மறுபடி நாந்தான் ஓட்டணும், பக்கத்துச் சீட்டுல ஒருத்தரும் இருக்க மாட்டாக. நீ இல்லாத வீட்டுக்கு எனக்கு என்ன போகவேண்டிக் கிடக்கு."

எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியதை எல்லாம் எல்லோரும் சொல்லியாயிற்று, அது கொஞ்சமும் மங்காமல் எரிந்தது.

வனராணி வளைவுக்காகப் பிரேக்கை மிதித்தாள். கால் சேற்றில் இறங்குவதுபோல் இறங்கித் தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தாள், மறுபடியும் தரை. வண்டி வேகம் பிடித்தது.

"பிரேக் இல்லை," என்றாள். விளக்கைப் பற்றிச் சொல்வது போலவே சாதாரணமாகச் சொன்னதால் முதலில் யாருக்கும் புரியவில்லை. கியரை இரண்டுக்குத் தட்டினாள், எஞ்சின் அலறியது, ஒன்றுக்குத் தட்டினாள், அத்தை கருப்பசாமியைக் கூப்பிட்டாள், தங்கமாயன் பையைத் திறந்தான். வனராணி ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து ஒரேயடியாக வெடுக்கென்று இழுக்காமல், கிணற்றுக் கயிறு மாதிரி விட்டு விட்டு, இழுத்து இழுத்து மேலே கொண்டுவந்தாள். கோபத்தில் சிக்கந்தர் முறுக்கிய முறுக்கெல்லாம் அந்த ஒரு கேபிளில் இருந்தது. பின்சக்கரம் கிறீச்சிட்டு, வண்டி மலைப்பக்கத்து மண்ணில் உரசி, ஒரு லாந்தனாப் புதருக்குள் மூக்கை நுழைத்து நின்றது.

சிக்கந்தர் இறங்கி அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். கையெல்லாம் பிரேக் ஆயில்.

"பைப்பு வெடிச்சிருக்கு. டப்பால சொட்டு இல்லை." அவருக்கு மெதுவாகக் கோபம் ஏறியது. "இது உங்க யாருக்கும் எரியலைடா. பிரேக்குக்கு எரிஞ்சிருக்கு. அதுக்குத்தான இந்த விளக்கையே வச்சான். நானும் மெக்கானிக்குன்னு பின்னாடி உட்கார்ந்து கதை கேட்டுக்கிட்டு வந்திருக்கேன் பாரு."

ரோட்டோரத்தில் நின்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே போட்டு வைத்திருந்ததை எல்லாம் ஒரு வெடித்த பைப்புக்காக வெளியே கொட்டியாயிற்று. திரும்ப அள்ளி வைக்க வழியில்லை. பின்னால் வந்த ஜீப் நின்றது. மாப்பிள்ளையின் அம்மா இறங்கி, ஏன் நிற்கிறீர்கள் என்றாள். தங்கமாயன் வாயைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, எனக்குக் கல்யாணம் வேணாம்," என்றான். விளக்கு எரிஞ்சுதா என்று அவள் பதறிக் கேட்டாள். "நான் சொல்றேம்மா," என்றான்.

மொக்கைச்சாமி காரைச் சுற்றி மகள் பக்கம் வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொள்ள மறந்துபோனார்.

"உனக்கு எப்படிம்மா?"

"எனக்கு மலை ஏறப் பிடிக்கும், இறங்கப் பிடிக்கும். அங்க போய் இருக்கப் பிடிக்காது. முதல்லயே சொன்னேன்."

"சொன்ன," என்றார் அவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, வண்டியை எடு," என்றார்.

"பிரேக் இல்லையேப்பா."

ஜீப் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து கரட்டூரில் விட்டது. மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்காமல் திரும்பினார்கள். தங்கமாயன் மட்டும் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தான். சிக்கந்தர் புதுப் பைப்பு மாட்டி, ஆயில் ஊற்றி, மிதித்து மிதித்துக் காற்றை வெளியேற்றினார். விளக்கு அணைந்தது. அதற்குப் பிறகு அது ஹேண்ட் பிரேக் ஏறியிருந்தால் எரிந்தது, இறக்கினால் அணைந்தது. அழுகிற பிள்ளைக்கும் எரியவில்லை, மாமியார் வீட்டுக்குப் போகிற செல்லத்துரைக்கும் எரியவில்லை. ஊருக்குக் கொஞ்ச நாள் கை ஒடிந்தமாதிரி இருந்தது. சுருளிவேல் சிக்கந்தரிடம் போய், பைப்பில் லேசாக ஒரு ஓட்டை மட்டும் போட்டுக் கொடுங்களேன் என்று கேட்டு ஸ்பேனரால் துரத்தப்பட்டான். பிறகு வேறு வழியில்லாமல், எரியுதா, எரியலையா என்று ஒருத்தர் கேட்டால், அடுத்தவர் கொஞ்சம் யோசித்து, எரியுதுப்பா என்று வாயாலேயே சொல்லப் பழகிக்கொண்டார்கள். மொக்கைச்சாமி பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, முழங்காலைப் பற்றிப் பேசாமல், எல்லா ஊருக்கும் போய்வந்தார்.

ஆடி மாதம் கருப்பசாமி கோயிலுக்குப் பூசாரி ஒரு ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தார். மழை பிடித்துக்கொண்டது, இனி நடத்திக் கூட்டிப்போக முடியாது, அதுதான் விளக்கு செத்துப்போச்சே, ஏத்திக்கோ தாயி என்றார். வனராணி ஏற்றிக்கொண்டாள். ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். விளக்கு அணைந்தது. ஓடைப்பாலம்வரைக்கும் பூசாரி மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். வனராணி கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். ஆடு அவளைப் பார்த்தது.

பாலத்துக்கு நடுவில் வண்டியை நிறுத்தினாள்.

"என்ன தாயி, எரியலையே," என்றார் பூசாரி, எட்டி எட்டிப் பார்த்து.

வனராணி இறங்கி, நனைந்துகொண்டே சுற்றிப்போய்ப் பின்கதவைத் திறந்தாள்.

"இறங்கு," என்றாள் ஆட்டிடம்.